இடிக்காமல் ஊரைச் சரிசெய்ய முடியுமா? மதுரை, தஞ்சைத் தெருக்களை நடந்தே படித்த பேட்ரிக் கெடிஸ் யார்?

போடிநாயக்கனூருக்கு 2023 ஜூனில் அகல ரயில் வந்துவிட்டது. மலையடிவாரத்தில் நிலம் வாங்கி வீடு கட்ட நினைப்பவர்கள் சில நாட்களிலேயே கேள்விப்படும் பெயர் 'ஹாகா', அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமம். பட்டியலில் உள்ள மலைக் கிராமம் என்றால் அதன் அனுமதி வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டலாமா, கூடாதா என்ற வாதம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

எங்கே கட்டலாம், எப்படிக் கட்டலாம், தண்ணீரும் மண்ணும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அரசுக்கு வழிகாட்டுதல் எழுதித் தருவது இன்று ஒரு தனித் தொழில். 'நிலைத்தன்மை ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறார்கள். இந்தப் பெயரெல்லாம் பிறப்பதற்கு முன்பே, 110 ஆண்டுகளுக்கு முன்னால் சென்னை மாகாணத்தில் இதே வேலையைச் செய்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பெயர் பேட்ரிக் கெடிஸ். அவர் கட்டடக் கலைஞரும் இல்லை, இன்ஜினீயரும் இல்லை. தாவரவியல் பேராசிரியர்.

கண்ணைப் பறித்த மெக்சிகோ

1854-ல் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார் கெடிஸ். லண்டனில் புகழ்பெற்ற உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் படித்தார். 1879-ல் ஆய்வுக்காக மெக்சிகோ போன இடத்தில் பார்வை போய்விட்டது. வாரக்கணக்கில் இருட்டறை வாசம். பிறகு பார்வை திரும்பியது. ஆனாலும் மைக்ரோஸ்கோப்பில் மணிக்கணக்கில் உட்கார முடியாத நிலை. செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கவனம் மெல்ல மனிதர்கள் வாழும் ஊர்கள் பக்கம் திரும்பியது. ஒரு செடியை அதன் மண்ணையும் தண்ணீரையும் விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. ஊரும் அப்படித்தான் என்பது அவருடைய அடிப்படைப் பார்வை.

1886-ல் ஆனா மோர்டனைத் திருமணம் செய்தார். புதுமணத் தம்பதி குடிபோன இடம் எடின்பரோ பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட், அன்றைக்கு அழுக்கடைந்த குடியிருப்பு. அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தார்கள், முற்றத்தைச் சுத்தம் செய்தார்கள், செடி வைத்தார்கள். குடியிருந்தவர்களை விரட்டாமலேயே குடியிருப்பு மாறத் தொடங்கியது. பின்னாளில் அவர் எழுதிய அறிக்கைகளுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது.

1888 முதல் டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் எடுத்தால் போதும். மீதி மாதங்களில் ஊர் ஊராகச் சுற்ற நேரம் கிடைத்தது.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு கெடிஸை அழைத்தார். நகரத் திட்டமிடல் பற்றி அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த வரைபடங்கள், ஓவியங்கள், மாதிரிகள் எல்லாம் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் ஏறின. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அடுத்த மாதமே அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. நம்மூரில் 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்கிறோமே, அதே எம்டன்தான். வேறு கப்பலில் மகன் அலஸ்டரோடு வந்ததால் கெடிஸ் தப்பினார். அப்போது அவருக்கு வயது 60. நண்பர்கள் அவசர அவசரமாக மாற்றுப் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

அதன் பிறகு மாகாணத்து ஊர்களுக்கு அறிக்கை எழுதும் வேலை. மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

அவருடைய வைத்தியம் என்ன?

அன்றைய நகராட்சிகளின் வழக்கமான திட்டம் எளிமையானது. நெரிசலான பகுதியா? நடுவில் நேர்கோட்டில் அகலமான சாலை போடு. குறுக்கே வருகிற வீடுகளை இடி. காற்று வரும், நோய் போகும் என்பது நம்பிக்கை.

கெடிஸ் இதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். இடிபட்ட வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்? அடுத்த தெருவுக்குத்தான். அங்கே ஏற்கெனவே நெரிசல். ஆக, பணத்தையும் செலவழித்து நெரிசலையும் கூட்டியதுதான் மிச்சம்.

அவர் சொன்ன மாற்று வழி, ஒரு நல்ல சர்ஜன் செய்வது போன்றது. முடிந்தவரை காப்பாற்று, கெட்டுப்போன இடத்தை மட்டும் அறு. முதலில் சந்து சந்தாக நடக்க வேண்டும். எந்த வீடு திடமானது, எது இடிந்து ஆளில்லாமல் கிடக்கிறது, கிணறு எங்கே, கோயில் எங்கே, நிழல் எங்கே என்று குறிக்க வேண்டும். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்தாலே ஒரு சிறு திறந்தவெளி கிடைக்கும். அதில் மரம் வைக்கலாம். முட்டுச்சந்தைத் திறந்துவிடலாம். வளைந்த தெரு வளைந்தே இருக்கட்டும். செலவு பல மடங்கு குறைவு. வீடிழப்பவர்களும் சிலர்தான்.

குளங்கள் விஷயத்திலும் இதே பார்வை. மலேரியாவுக்குப் பயந்து குளத்தை மூட வேண்டாம். சுத்தம் செய்து, கொசுப்புழுவைத் தின்னும் மீனை விடுங்கள் என்பது அவர் கருத்து. குளம் போனால் நிலத்தடி நீரும் போகும், குளிர்ச்சியும் போகும். இன்று கண்மாய்களை மூடி பஸ் ஸ்டாண்டு கட்டிவிட்டு, மழைக்காலத்தில் படகு தேடும் ஊர்களுக்கு இது பழைய கதையாகத் தெரியாது.

தென்னிந்தியக் கோயில் நகரங்கள் அவரை மிகவும் கவர்ந்தன. திருவரங்கத்திலும் மதுரையிலும் தேர் திரும்பும் அளவுக்கு விடப்பட்ட அகலமான வீதிகளைத் திட்டமிடலின் உச்சமாகப் பார்த்தார். வீட்டு முற்றத்துத் துளசி மாடம்கூட அவர் கண்ணில் பட்டது. பராமரிக்கப்படும் துளசி, பராமரிக்கப்படும் வீட்டின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்.

1917: இரண்டு மரணங்கள்

வேலை சூடுபிடித்திருந்த காலத்தில் குடும்பம் உடைந்தது. 1917 ஏப்ரலில் மகன் அலஸ்டர் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். அப்போது மனைவி ஆனா இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் செய்தியை அவரிடம் கெடிஸ் சொல்லவே இல்லை. தெரியாமலேயே ஆனா அந்த ஆண்டு கல்கத்தாவில் இறந்தார்.

அதே காலகட்டத்தில் இந்தூரில் பிளேக். மகாராஜாவின் அனுமதியோடு தீபாவளி ஊர்வலத்தைத் தன் கையில் எடுத்தார் கெடிஸ். எந்தத் தெரு அதிகம் சுத்தமாகிறதோ அந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தோடு இறங்கியது. ஊர்வலத்தில் பிளேக் எலியின் பெரிய உருவமும் வந்தது. அபராதம் போட்டு ஆகாத வேலை, திருவிழாவால் ஆனது.

அறிக்கைகள் என்ன ஆயின?

10 ஆண்டுகளில் சுமார் 50 இந்திய ஊர்களுக்கு எழுதினார். இதில் பெரும்பகுதி அலமாரியில் தூங்கியது என்பதுதான் உண்மை. ஒரு காரணம், நேர்சாலைப் பிரியர்களான இன்ஜினீயர்களை அவர் பகைத்துக்கொண்டது. இன்னொன்று, அவருடைய எழுத்தே சுற்றிச் சுற்றிப் போகும். வாசித்து முடிக்க அதிகாரிகளுக்குப் பொறுமை இல்லை.

ஆனாலும் அவர் கிளப்பிய பேச்சு வீண்போகவில்லை. 1920-ல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. அது 50 ஆண்டு நின்று, 1971-ல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்துக்கு வழிவிட்டது. கெடிஸ் 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் தந்தார். 1932-ல் சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17-ல் பிரான்ஸின் மான்பெலியேவில் காலமானார்.

போடிக்கு இதில் என்ன இருக்கு?

கெடிஸ் வரைந்த ஒரு படம் இன்றும் திட்டமிடல் வகுப்புகளில் காட்டப்படுகிறது. மலை உச்சியிலிருந்து கடல் வரை ஒரு பள்ளத்தாக்கின் பக்கவாட்டுத் தோற்றம் அது. மேலே சுரங்கத் தொழிலாளி, மரம்வெட்டி, நடுவே மேய்ப்பவர், விவசாயி, கடைசியில் மீனவர். எல்லோரையும் கட்டி வைத்திருப்பது சரிந்து ஓடும் தண்ணீர்.

அந்தப் படத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். மேலே சோலைக்காடும் ஏலத்தோட்டமும். அந்தத் தோட்டங்களுக்கு விடியும் முன்பே ஜீப்பில் ஏறும் பெண்கள் இருப்பது கீழே, போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும். அங்கேயே பொட்டிபுரத்தின் மேய்ச்சல் நிலம். கொட்டகுடி ஆறு வைகையில் சேர்கிறது. வைகை மதுரையைத் தாண்டி ராமநாதபுரம் கண்மாய்களுக்குப் போகிறது. சரிவில் ஒரு ரிசார்ட்டுக்கு மண் வெட்டினால், அதன் கணக்கு மலையோடு முடியாது.

அடுத்த முறை ஏதாவது ஒரு வடிவமைப்பு வழிகாட்டுதலோ மாஸ்டர் பிளானோ கருத்துக் கேட்புக்கு வந்தால், கெடிஸ் பாணியில் மூன்று கேள்விகள் கேட்கலாம். எழுதியவர்கள் அந்த இடத்தில் நடந்து பார்த்தார்களா? வீடோ மேய்ச்சலோ இழப்பவர்கள் எங்கே போவார்கள் என்று அதில் இருக்கிறதா? கீழே உள்ள ஊரின் தண்ணீரைக் கணக்கில் எடுத்திருக்கிறார்களா? மூன்றில் ஒன்றுக்கு பதில் இல்லை என்றாலும், ஆட்சேபனை மனு எழுத அதுவே போதுமான காரணம்.