அரிவாள் இரத்தம்: உண்மை கண்ட டாக்டர்

டாக்டர் ஹெர்மன் லேமன் 1910-ம் ஆண்டு ஜெர்மனியில், ஹாலே நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் ஒரு புது நோயைப் பற்றி எழுதினார். நம் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் வட்டமானவை. அவர் பார்த்த நோயாளிக்கோ அவை கதிர் அரிவாள் போல வளைந்திருந்தன!

பின்னாளில் லேமனின் பெயர் இந்த நோயோடு சேர்ந்தது.

விரட்டிய இரத்தம்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூத இரத்தம் இழிவானது என்றனர் நாஜிகள். மருத்துவம் படித்த லேமனுக்குச் சொந்த நாட்டில் பட்டம் பெற வழியில்லை. சுவிட்சர்லாந்து போய்ப் பட்டம் பெற்றார்.

1936-ல் இங்கிலாந்து சென்றார். போர்க்காலத்தில், ஜெர்மன்காரர் என்று அங்கே அவரைக் காவலில் வைத்தார்கள். பிறகு பிரிட்டிஷ் ராணுவமே அவரை டாக்டராகச் சேர்த்து, 1943-ல் இந்தியாவுக்கு அனுப்பியது! இங்கே சோகை நோயை ஆராய்ந்தார். போருக்குப் பின் உகாண்டாவில் பணியாற்றினார். அங்கே அரிவாள் அணு நோயில் அவர் கவனம் சென்றது.

நீலகிரியில்

அது ஆப்பிரிக்கர் நோய் என்றே பலரும் நம்பினர். 1952-ல் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரி மலைமக்களின் இரத்தத்தைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். இருளர் மக்களிடமும் அரிவாள் அணு இருந்தது!

தாய், தந்தை ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறை வந்தால், பெரும்பாலும் நோய் இல்லை. மலேரியாவின் கொடுமையும் குறையும். இருவரிடமிருந்தும் வந்தால் நோய்.

வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. வலி உயிரை வாட்டும். குழாய்ச் சுவர் புண்படுவதால் உடலில் அழற்சி உண்டாகிறது. பகைவன் புகுந்தது போல வெள்ளை அணுக்கள் பெருகித் திரள்கின்றன, அடைப்பு கூடுகிறது. கிருமிகளை வடிகட்டும் மண்ணீரலோ கெட்டுவிடுகிறது. ஆகவே இந்நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

லேமன் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். 1985-ல் காலமானார். இந்த நோயை ஒழிக்க 2023-ல் இந்திய அரசு தனி இயக்கம் தொடங்கியது. இரத்தப் பரிசோதனையே அதன் முதல் படி.

இரத்தத்தின் பேரால் விரட்டப்பட்டவர் லேமன். ஆப்பிரிக்கருக்கும் இருளருக்கும் ஒரே துன்பம் என்று அந்த இரத்தத்திலேயே கண்டு சொன்னார்!