ஆறு பிள்ளைகளோடு ஒரு பிஎச்.டி.

ஒர்க் ஸ்டடி படிச்சிருந்தா 'தெர்ப்ளிக்'னு ஒரு வார்த்தை ஞாபகம் இருக்கும். வேலை செய்யும் கையின் அடிப்படை அசைவுகளுக்கு வைத்த பெயர். கில்பிரெத் என்பதைத் திருப்பிப் போட்டு உருவாக்கியது. தேர்வுக்காக ஃபிராங்க் கில்பிரெத்தை மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அவர் மனைவி லில்லியனைத் தெரியுமா?

1878-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். பெர்க்லியில் இலக்கியம் படித்து எம்.ஏ. வரை முடித்தார். 1904-ல் திருமணம். கணவர் கல்லூரிக்கே போகாத கட்டட கான்ட்ராக்டர். கொத்தனாரின் வீண் அசைவுகளைக் குறைத்துப் பெயர் வாங்கியவர். லில்லியன் கவனித்தது வேற. அசைவை அளக்கறோம் சரி, வேலை செய்யற மனுஷனோட மனசு?

அதையே ஆய்வேடாக எழுதி பெர்க்லிக்குக் கொடுத்தார். ஆனா பட்டம் கிடைக்கல. வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. அவரோ நாட்டின் மறுகோடியில், கைக்குழந்தைகளோடு. 1912-ல் ஐந்து வயது மகள் மேரி டிஃப்தீரியாவில் இறந்துபோனாள்.

அதே வருஷம் குடும்பம் பிராவிடன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஊரிலேயே பிரவுன் பல்கலைக்கழகம். மறுபடியும் முதலிலிருந்து! புது ஆய்வேடு, கற்பித்தலில் வீணாவதைக் குறைப்பது பற்றி. பழைய ஆய்வேடு 1914-ல் புத்தகமாக வந்தது. எழுதியவர் பெண் என்று தெரியாதபடி அட்டையில் வெறும் இனிஷியல். 1915-ல் டாக்டர் பட்டம். வயது 37, வீட்டில் ஆறு பிள்ளைகள். தனியாளாகச் சமாளித்தார்னு நினைக்காதீங்க. மாமியாரும் வேலையாட்களும் கூட இருந்தாங்க.

அந்தப் பட்டத்தால என்ன லாபம்? 1924-ல் ஃபிராங்க் மாரடைப்பில் திடீரென இறந்தார். பதினொரு பிள்ளைகள், கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயது. சில நாட்களிலேயே கப்பலேறி, கணவர் பேச வேண்டிய ஐரோப்பிய மாநாடுகளுக்கு இவர் போனார். திரும்பி வந்தா, பெண்ணை நம்பி கான்ட்ராக்டைப் புதுப்பிக்கப் பல கம்பெனிகளுக்கு மனசில்லை. அவர் சோர்ந்து உட்காரல. வீட்டுச் சமையலறையையே தொழிற்சாலை மாதிரி ஆராய்ந்தார். மேடை எவ்வளவு உயரம், அடுப்புக்கும் சிங்க்குக்கும் எத்தனை அடின்னு கணக்குப் போட்டார். கணவர் பெயர் கைவிட்ட இடத்தில், தானே படித்து வாங்கிய பட்டமும் தன் ஆய்வும்தான் கைகொடுத்தன. 1935-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1965-ல் அமெரிக்காவின் தேசியப் பொறியியல் அகாடமிக்குத் தேர்வான முதல் பெண். 1972-ல், 93 வயதில் மறைந்தார்.

உங்க வீட்டுலயும் அம்மாவோ அப்பாவோ நாற்பது வயசுல மறுபடி படிக்கணும்னு ஆசைப்படலாம். இந்த வயசுல எதுக்குன்னு கேட்காதீங்க. உட்கார்ந்து அப்ளிகேஷன் ஃபில் பண்ணிக் கொடுங்க. ராத்திரி பாத்திரத்தையும் நீங்களே கழுவிடுங்க.