வீடுகளுக்குள் ஒளிர்ந்த விளக்கு: யோசப் வாஸ் அடிகளார்

1687 ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அந்த வறியவரை அதிகாரிகள் எவரும் பொருட்படுத்தவில்லை. கூலியாளின் கோலத்தில், வயிற்றோட்டத்தால் நலிந்திருந்த அவரது கழுத்தில் செபமாலையொன்று தொங்கியது. அதனை யார் ஆவலுடன் நோக்குகின்றனர் என்பதைக் கொண்டே அவர் தம்மவரை அடையாளங்கண்டார். 1651 இல் கோவாவில் பிறந்து, 1676 இல் குருவாகிய யோசப் வாஸ் அடிகளாரே அவர்.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்ததுடன், குருக்களுக்குப் புகலிடமளிப்போருக்கு மரண தண்டனையும் அறிவித்திருந்தனர். அவர்களுக்கு முன்னிருந்த போர்த்துக்கேயரோ சைவ ஆலயங்களை இடித்தவர்கள்; முஸ்லிம்களைக் கரையோரத்திலிருந்து துரத்தியவர்கள். அவர்களது ஆட்சியில் அதிகாரத்தின் மதமாக விளங்கியது, இப்போது வீடுகளுக்குள் ஒளிந்துகொள்ள நேர்ந்தது.

சில்லாலையிலும் அயற்கிராமங்களிலும் இரவில் அடைத்த கதவுகளுக்குப் பின்னால் மக்கள் கூடினர். அடிகளார் பாவசங்கீர்த்தனம் கேட்டு, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் வழங்கி, பூசை ஒப்புக்கொடுத்து, விடியுமுன் வேறிடம் சென்றுவிடுவார். வீட்டுக்காரர் எங்கே செல்வது? ஆபத்தின் பெரும்பங்கு கதவைத் திறந்துவிட்டவருக்கே உரியது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒரு நத்தார் இரவில் ஒல்லாந்தரின் படையினர் வீடுகளைச் சுற்றிவளைத்தனர். அடிகளார் தப்பினார், பிடிபட்டோருள் தொன் பேதுரு என்பவர் சவுக்கடியின் கொடுமையால் மாண்டார். (நம் காலத்திலும், வழிபாட்டிடங்களுக்கு அனுமதி கோரிய 2008 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, வீடுகளில் கூடிச் செபித்த சிறு சபையினருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது.)

பின்னர் அடிகளார் கண்டி இராச்சியத்துக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692 இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய உளவாளியென்ற சந்தேகத்தில் காவலில் வைக்கப்பட்டார். எனினும், பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் காலப்போக்கில் ஐயம் நீங்கி, அவருக்கு நடமாடும் சுதந்திரமளித்தான். போர்த்துக்கேயரால் 1626 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கிழக்கில் குடியேற்றிய செனரத் மன்னனும் இதே கண்டி அரசுக்குரியவனே. மதம் மாறாமலேயே பிறமதத்தவருக்கு நிழல் கொடுத்த மன்னர்களை நமது பாடநூல்கள் இன்னும் சற்று விரிவாகப் பேசியிருக்கலாம்.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. உற்றாரே கைவிட்டு ஓடிய நோயாளிகளை அடிகளார் மதம் பாராது பராமரித்தார். இறந்தோரைத் தம் கைகளாலேயே புதைத்தார். அவர் மீதான மக்களின் அச்சத்தை அகற்றியது பிரசங்கமன்று, இந்தப் பணியே என்பது நமது எண்ணம்.

1711 ஜனவரி 16 இல் அவர் கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ்செய்தது கொழும்பு காலிமுகத்திடலில், பட்டப்பகலில், இலட்சக்கணக்கானோர் முன்னிலையில்.