தோற்றுப்போன ஒரு திருத்தம், 150 டாலர் வரிச்சலுகை: யார் இந்த ஜேம்ஸ் பிளெய்ன்?

2020 ஜூன் 30. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பைச் சொன்னது. மொன்டானா மாநிலத்தில் பிள்ளைகளைக் கிறிஸ்தவத் தனியார் பள்ளியில் படிக்கவைத்த மூன்று தாய்மார் போட்ட வழக்கு அது. எஸ்பினோசா வழக்கு என்று பெயர். ஆனா வாதம் முழுக்க அடிபட்டது இன்னொருவர் பெயர். அந்த மனிதர் செத்து அப்போதே 127 வருஷம் ஆகியிருந்தது.

முதல்ல வழக்கைப் பார்த்துவிடலாம். 2015இல் மொன்டானா ஒரு சட்டம் போட்டது. தனியார் பள்ளி மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால், 150 டாலர் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். நம்மூர் 80ஜி பிரிவில் நன்கொடை கொடுத்தால், வரிக்கு உட்படும் வருமானம்தான் குறையும். இது அப்படியில்லை. கட்டவேண்டிய வரியிலேயே நேராகக் கழியும். 150 கொடுத்தால் 150 மிச்சம், கையைவிட்டு ஒரு பைசா போகாது. அப்படியென்றால் அது கொடுத்தவர் பணமா, அரசாங்கப் பணமா?

அரசுப் பணம் மாதிரிதான் என்றது மாநில வருவாய்த் துறை. மதப் பள்ளிகளுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ அரசு உதவி போகக்கூடாது என்று மொன்டானா அரசியலமைப்பிலேயே இருக்கிறது, அதனால் அந்தப் பள்ளிகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று விதி எழுதியது. இந்த மாதிரிப் பிரிவுகளுக்குத்தான் பிளெய்ன் திருத்தங்கள் என்று பெயர்.

ஜேம்ஸ் ஜி. பிளெய்ன் 1830இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அப்பா புராட்டஸ்டன்ட், அம்மா ஐரிஷ் கத்தோலிக்கர். மகள்கள் அம்மாவின் சபையிலும் மகன்கள் அப்பாவின் சபையிலும் வளர்ந்தார்கள். நெருங்கிய உறவுக்காரப் பெண் ஒருவர் கன்னியாஸ்திரீயாகி, இண்டியானாவில் கத்தோலிக்கக் கல்விக்காகவே வாழ்ந்தவர். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

17 வயதில் கல்லூரிப் படிப்பை முடித்தார். கொஞ்ச காலம் வாத்தியார் வேலை. அதில் ஒன்று, பிலடெல்பியாவில் பார்வையற்றோர் பள்ளி. 1854இல் மனைவியின் ஊரான மெய்ன் மாநிலத்து ஆகஸ்டாவுக்குப் போய் கென்னபெக் ஜர்னல் பத்திரிகையின் ஆசிரியரானார். அங்கிருந்து அரசியல். 1869 முதல் 1875 வரை பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். பேச்சு, ஞாபகசக்தி, ஆள்கட்டு எல்லாம் இருந்தது. குறி ஜனாதிபதி பதவி மேல்.

அன்றைய அரசுப் பள்ளிகள் மதச்சார்பற்றவை என்று நினைத்துவிட வேண்டாம். பல இடங்களில் புராட்டஸ்டன்ட் பைபிளும் ஜெபமும் அன்றாடப் பாடம் போல நடந்தன. இது ஒத்துவராமல் கத்தோலிக்கர்கள் தனிப் பள்ளி திறந்து, வரிப்பணத்தில் பங்கு கேட்டார்கள். புலம்பெயர்ந்து வந்தவர்கள் மேல் ஏற்கெனவே இருந்த வெறுப்பில் இது எண்ணெய் ஊற்றியது. 1871இல் தாமஸ் நாஸ்ட் கங்கையின் பெயரை வைத்து ஒரு கார்ட்டூன் போட்டார்: பள்ளிப் பிள்ளைகளை நோக்கிக் கரையேறும் முதலைகள், உற்றுப்பார்த்தால் அவை கத்தோலிக்க ஆயர்கள்!

1874 தேர்தலில் குடியரசுக் கட்சி சபையை இழந்தது. பொருளாதார மந்தம், ஊழல் புகார்கள் எல்லாம் காரணம். அடுத்த தேர்தலுக்குப் புது விஷயம் தேவைப்பட்டது. ஜனாதிபதி கிராண்ட் பள்ளிப் பிரச்னையைக் கையில் எடுத்தார். 1875 டிசம்பர் 14 அன்று பிளெய்ன் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார்: பொதுப் பள்ளிக்கான பணம் எந்த மதப்பிரிவின் கட்டுப்பாட்டுக்கும் போகக்கூடாது. வாசகம் பொதுவானது. யாரைக் குறிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

1876 ஜூன் அவருக்குப் பொல்லாத மாதம். ரயில்வே பத்திரங்களில் பணம் பார்த்தார் என்ற புகார் வெடித்தது. தன் பழைய கடிதங்களைச் சபையில் தானே எடுத்து, தனக்குத் தோதான பகுதிகளை வாசித்துச் சமாளித்தார். சில நாளில் வாஷிங்டனில் தேவாலயப் படியில் மயங்கி விழுந்தார். அதே வாரம் வேட்பாளர் வாய்ப்பு ஹேய்ஸ் கைக்குப் போனது.

ஆகஸ்டில் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 180-7 என்று வென்றது. செனட்டில் 28-16. மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை, செத்தது. அதற்குள் பிளெய்ன் செனட்டராகிவிட்டார். ஆனா அந்த வாக்கெடுப்பில் அவர் வாக்களிக்கவே இல்லை. பதவி கைநழுவியதும் மசோதா மேல் இருந்த அக்கறையும் போய்விட்டது. கத்தோலிக்கர் மேல் அவருக்குத் தனிப்பட்ட வெறுப்பு இருந்ததா என்பதைவிட இதுதான் உறுத்துகிறது. அடுத்தவர் வெறுப்பை ஓட்டாக்கப் பார்த்த கணக்கு அது.

அந்தக் கணக்கு 1884இல் திருப்பி அடித்தது. இந்த முறை அவரே ஜனாதிபதி வேட்பாளர். அம்மா வழியைக் காட்டி ஐரிஷ் கத்தோலிக்க ஓட்டுகளை நம்பினார். தேர்தலுக்குச் சில நாள் முன் நியூயார்க்கில் அவரை வாழ்த்த வந்த பாதிரியார் ஒருவர், எதிர்க்கட்சியைக் குடிகாரர்கள், ரோமுக்குக் கட்டுப்பட்டவர்கள், கலகக்காரர்கள் கூட்டம் என்ற அர்த்தத்தில் பேசிவிட்டார். பிளெய்ன் உடனே மறுக்கவில்லை. நியூயார்க்கைச் சுமார் 1,100 வாக்கில் இழந்தார். அதோடு ஜனாதிபதி பதவியும் போச்சு.

அப்புறம் இரண்டாம் முறை வெளியுறவு அமைச்சராகி, 1889இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் முதல் மாநாட்டைக் கூட்டினார். 1893 ஜனவரியில் இறந்தார்.

டெல்லியில் தோற்ற மசோதா மாநிலங்களில் ஜெயித்தால் எப்படி இருக்கும்? அங்கே அதுதான் நடந்தது. 30க்கும் மேற்பட்ட மாநில அரசியலமைப்புகளில் இந்த வகைப் பிரிவுகள் உண்டு. மொன்டானா 1889இல் மாநிலமானபோதே எழுதிக்கொண்டது. 1972இல் புது அரசியலமைப்பு எழுதியபோதும் விடவில்லை. அப்போது எழுதியவர்களுக்குக் கத்தோலிக்க வெறுப்பு காரணம் இல்லை, அரசுப் பள்ளியைக் காப்பதுதான் நோக்கம் என்பது எதிர்த்தரப்பு வாதம். லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை.

மொன்டானா உச்ச நீதிமன்றம் 2018இல் திட்டத்தையே ரத்து செய்தது. 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தனியார் பள்ளிக்கு உதவுவதா வேண்டாமா என்பது மாநிலத்தின் இஷ்டம். உதவினால், மதப் பள்ளி என்பதற்காக மட்டும் ஒதுக்கக்கூடாது என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். நீதிபதி அலிட்டோ தன் தனிக் கருத்தில் நாஸ்டின் முதலைக் கார்ட்டூனையே அச்சிட்டார்.

மறு வருஷமே மொன்டானா சட்டமன்றம் அந்த 150 டாலர் உச்சவரம்பை 2 லட்சம் டாலராக்கியது. பிளெய்ன் அரசியல் செய்து வளர்ந்த மெய்ன் மாநிலத்து அரசியலமைப்பில் பிளெய்ன் திருத்தம் இல்லை. ஆகஸ்டாவில் அவர் வாழ்ந்த வீட்டில் இன்று அந்த மாநில ஆளுநர் குடியிருக்கிறார்.