ஆசான் கண்ட நோயும் அரியணை ஏறிய சிறுவனும்

நோவினைப் பொறுத்துக்கொள்ளும் மாணாக்கனை மனவுறுதி மிக்கவன் எனப் புகழ்ந்துவிடுதல் ஆசிரியராகிய எம்மனோர்க்கு இயல்பு. அவ்வாறு புகழ முற்படுந்தோறும், எருசலேமில் அரசுபுரிந்த நான்காம் போல்டுவினின் இளமைப் பருவம் என் நினைவுக்கு வரும்.

1099ஆம் ஆண்டிலே சிலுவைப் போர்வீரர் அத்திருநகரைக் கைப்பற்றினர். ஆங்கிருந்த முஸ்லிம்களும் யூதரும் பெருந்தொகையினராய்க் கொலையுண்டனர். அவ்விரு சமயத்தாரும் நகரினுள் குடியிருத்தல் பின்னர் விலக்கப்பட்டது. பாறைக் குவிமாடம் கிறித்தவ ஆலயமாயிற்று. யாத்திரிகர் திரள்திரளாக வந்தனர். அவர்களுக்குச் சமைத்த உணவு விற்பதற்கென ஒரு தெருவே இருந்தது. பிணியாளரைப் புனித யோவான் சபையார் பெரியதொரு மருத்துவசாலையிற் பேணினர். தொழுநோயாளர்க்கோ மதிலுக்கு வெளியே புனித இலாசரசின் பெயரால் ஓர் இல்லம் இருந்தது.

அந்நகரின் மன்னன் அமால்ரிக், 1161இல் பிறந்த தன் மைந்தன் போல்டுவினை, ஒன்பதாம் அகவையில், வில்லியம் என்னும் கற்றறிந்த குருவானவரிடம் ஒப்புவித்தான். ஒருநாள் சிறுவர்கள் விளையாட்டாக ஒருவர் கையை ஒருவர் நகத்தாற் கிள்ளினர். ஏனையோர் வலிதாங்காது கூவினர். அரசிளங்குமரன் மட்டும் வாளாவிருந்தான். பொறுமையென்றே வில்லியமும் முதலில் எண்ணினார். ஆயினும், மீண்டும் மீண்டும் அவ்வாறே நிகழக்கண்டு, அவனை அழைத்து வினவினார். வலக்கையில் உணர்ச்சி குன்றியிருப்பதை அறிந்தார். மருத்துவர் பலர் முயன்றும் பயனில்லை. அது தொழுநோயின் தொடக்கம்.

1174இல் தந்தை இறக்க, பதின்மூன்று வயதிலே போல்டுவின் முடிசூடினான். மதிலுக்கு வெளியே வாழவேண்டியோர்க்குற்ற நோய் அரியணையிலேயே அமர்ந்தது. 1177 நவம்பர் 25இல் மொன்கிசாட் என்னுமிடத்தில் சலாகுத்தீனின் பெரும்படையை அவன் முறியடித்தான். பின்னர்ப் பார்வை மங்கியது, கைகால்கள் செயலிழந்தன. 1183இல் கெராக் கோட்டை முற்றுகையுற்றபோது, பல்லக்கிற் கிடந்தவாறே படையுடன் சென்றான், முற்றுகை நீங்கிற்று. 1185இல் உயிர் துறந்தான். ஈராண்டு கழிய, 1187 ஒக்டோபர் 2இல், எருசலேம் சலாகுத்தீன் வசமாயிற்று.

இவற்றுட் பலவற்றை வில்லியமே தம் இலத்தீன் வரலாற்று நூலில் எழுதிவைத்தார். தம் மாணாக்கனின் நோயை முதலிற் கண்டவரும் அவரே.

அன்று அந்நோய்க்கு மருந்தில்லை. அதன் கிருமியை நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். இன்று அது முற்றாகக் குணப்படுத்தத்தக்கது. எனினும் நம் நாட்டை விட்டு இன்னும் அகன்றிலது. உணர்ச்சியற்ற தோலே இன்றும் அதன் முதல் அடையாளங்களுள் ஒன்று. ஆதலின், வகுப்பறையிலே நோவறியாத பிள்ளையைக் காணின், யான் புகழ்வதற்கு முன் அருகழைத்து வினவுகின்றேன்.