இலவசப் படிப்புக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்!
அமெரிக்க ஜனாதிபதி கிராண்டின் வரலாறு

அமெரிக்காவின் 18-வது ஜனாதிபதி யுலிசீஸ் கிராண்ட். பெரிய தளபதி என்று பெயர் எடுத்தவர். ஆனால் அவர் ராணுவத்தை விரும்பிச் சேர்ந்தவர் அல்ல. கல்லூரிப் படிப்புக்காகச் சேர்ந்தவர்!

தந்தையின் யோசனை

கிராண்ட் 1822-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸிக்குத் தோல் பதனிடும் தொழில். சிறுவனுக்கு அந்தத் தொழில் பிடிக்கவில்லை. குதிரை என்றால் உயிர். ஏர் உழுவான், வண்டி ஓட்டுவான். தோல் கிடங்கு என்றால் மட்டும் முகம் சுளிப்பான்.

மகனைச் செலவில்லாமல் படிக்க வைக்கத் தந்தை வழி தேடினார். ஹட்சன் நதிக்கரையில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி இருந்தது. அங்கே கட்டணம் கிடையாது. படிக்கும்போதே மாதந்தோறும் பணமும் தருவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. 4 ஆண்டு படித்தால், பிறகு 4 ஆண்டு ராணுவத்தில் வேலை பார்க்க வேண்டும்.

மகனிடம் கேட்காமலே தந்தை இடம் வாங்கிவிட்டார். போகமாட்டேன் என்றான் மகன். தந்தை விடவில்லை. மகன் பணிந்தான்.

மாறிய பெயர்

அவருடைய உண்மைப் பெயர் ஹைரம் யுலிசீஸ் கிராண்ட். சிபாரிசு செய்த காங்கிரஸ் உறுப்பினர் தவறுதலாக யுலிசீஸ் எஸ். கிராண்ட் என்று எழுதிவிட்டார். அதுவே கடைசிவரை நிலைத்துவிட்டது!

1839-ல், 17 வயதில் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரியையே மூடிவிட வேண்டும் என்று காங்கிரஸில் விவாதம் நடந்தது. மூடினால் வீட்டுக்குப் போகலாமே என்று கிராண்ட் ஆவலோடு பத்திரிகை பார்த்தார். கல்லூரி மூடப்படவில்லை.

1843-ல் படிப்பு முடிந்தது. 39 பேரில் அவர் 21-வது. ஆனால் கணக்கில் கெட்டிக்காரர். கணக்கு ஆசிரியர் ஆகவேண்டும் என்பதே அவர் ஆசை.

கடனைத் தீர்த்தார்

அந்த ஆசை நிறைவேறவில்லை. 1846-ல் மெக்சிகோ யுத்தம் மூண்டது. அது அநியாய யுத்தம் என்பது கிராண்டின் கருத்து. ஆனாலும் போய்ப் போரிட்டார். இலவசப் படிப்புக்கு அவர் கொடுத்த விலை அது!

1854-ல் ராணுவத்தை விட்டு விலகினார். விவசாயம் செய்தார், நஷ்டம். செயின்ட் லூயிஸ் நகரத் தெருக்களில் விறகு விற்றார். 1860-ல், சிறு வயதில் வெறுத்த அதே தோல் வியாபாரத்துக்கே வந்தார். தந்தையின் கடையில் வேலை!

அடுத்த ஆண்டே உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. பயிற்சி பெற்ற அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். வெஸ்ட் பாயிண்ட் படிப்பு அப்போது கைகொடுத்தது. 1865 ஏப்ரல் 9-ந் தேதி, தென்பகுதித் தளபதி லீ அவரிடம் சரண் அடைந்தார். 1869 முதல் 1877 வரை கிராண்ட் ஜனாதிபதியாக இருந்தார்.

கடைசிப் போராட்டம்

1884-ல், பணம் போட்டிருந்த கம்பெனி முறிந்து, எல்லாம் போயிற்று. தொண்டையில் புற்றுநோய் வேறு. குடும்பம் தவிக்கக் கூடாதே என்று, வலியோடு தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். எழுதி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23-ந் தேதி காலமானார். அந்தப் புத்தகத்தால் அவர் மனைவிக்குச் சுமார் 4½ லட்சம் டாலர் கிடைத்தது.

வெஸ்ட் பாயிண்டில் இன்றும் கட்டணம் இல்லை. ராணுவ சேவை என்ற கடன் மட்டும் உண்டு. கையெழுத்துப் போடுமுன், அந்தக் கடனைத் தீர்க்கப்போகிற பிள்ளையின் மனதையும் பெற்றோர் கேட்பது நல்லது.