அதியமான் நெடுமான் அஞ்சி

அதியமான் நெடுமான் அஞ்சி சங்ககாலக் குறுநில மன்னன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். தகடூரைத் (இன்றைய தருமபுரி) தலைநகராகக் கொண்டு ஆண்டான். கரும்பைக் கொண்டுவந்தவர்கள் இவனுடைய முன்னோர் என்று புறநானூறு கூறுகிறது. அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்தவன் என்ற அளவிலேயே பலரும் இவனை அறிவர். மலையமான் திருமுடிக்காரியை வென்று கோவலூரைக் கைப்பற்றினான்.

அந்தக் கோவலூருக்கு (திருக்கோவிலூர்) அருகிலுள்ள ஜம்பை மலைக்குகையில் 1981இல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று கண்டறியப்பட்டது. அஞ்சி துறவிகளுக்கு உறைவிடம் அளித்ததை அது தெரிவிக்கிறது. இதன் காலம் கி.பி. 1ஆம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. கல்வெட்டின் மொழி தமிழ். மன்னனின் பட்டம் மட்டும் ஸதியபுதோ எனப் பிராகிருதத்தில் உள்ளது. பிராகிருத ஓகார ஈறும், தமிழுக்குரியதல்லாத ஸகரமும் மாற்றமின்றிப் பொறிக்கப்பட்டுள்ளன. பிரித்தானிய நாணயங்களில் மன்னரின் பட்டம் இன்றும் இலத்தீனில் பொறிக்கப்படுவது இதனோடு ஒப்பிடத்தக்கது.

இச்சொல்லால் ஒரு பழைய சிக்கல் தீர்ந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு அசோகர் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் குறிப்பிடுகின்றன. இவர்கள் அதியமான்களே என்று சிலர் முன்பே கருதினாலும், துளுநாட்டிலும் மராட்டியத்திலும் தேடியவர்கள் உண்டு. மன்னனின் தமிழ்ப் பெயரும் பிராகிருதப் பட்டமும் ஜம்பையில் அடுத்தடுத்து நிற்பதால் ஐயம் நீங்கியது.

பிற்பாடு சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றான். அப்போரில் அஞ்சி மாண்டான் என்பர். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் உள்ளது. இப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியுள்ளன. அஞ்சியின் மகன் பொகுட்டெழினி.